ஐஸ் அரவைக்கு அடியில் இருந்த குரல்

ஒலிப்பதிவில் சத்தம் கூடிய இடத்தைத் தாழ்த்தி, மெல்லிய இடத்தை உயர்த்திக் கொடுப்பதற்குக் கம்ப்ரெஸர் என்று பெயர். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் அல்ல. கணினித் திரையில் ஒரு சிறு கட்டம், அதற்குள் நாலைந்து குமிழ்கள். நான் அதைக் கற்றுக்கொண்டது நாற்பத்தெட்டாம் வயதில். அதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நாளிதழின் புதுக்கோட்டை மாவட்ட நிருபராக இருந்தேன். மாவட்டப் பக்கங்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள்.

அதே பத்திரிகையில் பகுதி நேரமாக எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் நானும் சேர்ந்து, ஒரு மாடி அறையில் ஒலிச் செய்தி தொடங்கினோம். தினமும் காலை ஏழு மணிக்கு இருபது நிமிடம். வாட்ஸப் குழுக்கள் வழியாகப் போகும். கறம்பக்குடியில் வயலுக்குப் போகிறவர்கள், பஸ் ஓட்டுநர்கள், வெளிநாட்டில் வேலை செய்யும் நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்டார்கள். என் கூட்டாளியான அவர் வாசிப்பார். நான் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து வந்து தொகுப்பேன்.

பேனாவுக்குப் பின்னணிச் சத்தம் கிடையாது. மைக்குக்கு உண்டு. முதல் மாதங்களில் எங்கள் பதிவுகள் மோசமாக இருந்தன. கீரமங்கலத்தில் பூ வாங்கி விற்கும் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "ஒங்க செய்தியில பாதி நேரம் ஆளு பேசுறாரு, பாதி நேரம் காத்து பேசுது. ரெண்டுக்கும் சேத்து ஒரே பேரு வச்சிருக்கீங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அன்றே கம்ப்ரெஸரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

சாதாரண கம்ப்ரெஸரில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். ஒருவர் பேசும்போது பக்கத்தில் லாரி போனால், லாரிச் சத்தம் கூடியது என்று மொத்தத்தையும் அழுத்திவிடும். பேசுகிறவரின் குரலும் சேர்ந்து அமுங்கும். லாரி போனதும் குரல் மறுபடி மேலே வரும். கேட்கிறவருக்கு, யாரோ பேசுகிறவரின் வாயை மூடி மூடித் திறப்பதுபோல இருக்கும்.

மல்டிபேண்ட் என்பது இதற்கு மருந்து. அது ஒலியை முதலில் பட்டைகளாகப் பிரிக்கிறது. அடிப்பட்டையில் எஞ்சின், ஜெனரேட்டர், காற்று. நடுப்பட்டையில் பெரும்பாலும் மனிதப் பேச்சு. மேல்பட்டையில் பாத்திரச் சத்தம், பறவை, பேச்சில் வரும் சீறல் ஒலிகள். ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனிக் குமிழ்கள். லாரியை அடிப்பட்டையில் அழுத்திவைத்துவிட்டு, அதே நேரத்தில் நடுப்பட்டையில் குரலை மட்டும் தூக்கலாம். லாரிக்குப் பின்னால் நின்று ஒருவர் முணுமுணுத்தால்கூட வெளியே கொண்டுவரலாம். எனக்கு அது பிடித்துப்போனது. ஆறு மாதத்தில், தெளிவாக இருக்கிறது என்று ஆட்கள் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பாராட்டை நான் எதிர்பார்த்துக் காத்திருக்கவும் தொடங்கினேன்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன ஒரு விசைப்படகை, எல்லை தாண்டியதாகச் சொல்லி அந்தப் பக்கத்தில் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று ஒரு காலையில் தகவல் வந்தது. படகில் நான்கு பேர். அந்தத் துறைமுகத்துக்கு இது புதிய செய்தி இல்லை. நிருபராக இருந்த காலத்தில் இதே செய்தியை எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே தெரியாது. பெயர், வயது, தெரு என்று மூன்று விவரங்களை மாற்றினால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

பதினொரு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். நான்கு வீட்டுப் பெண்களும் மீன் ஏலக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். டிவிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொட்டகைக்கு அடுத்த சுவர் ஐஸ் கம்பெனி. அதன் வாசலில் அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் பாளத்தைத் தள்ளியதும் அது கடகடவென்று அரைத்துப் பெட்டியில் கொட்டும். கொஞ்சம் நேரம் நிறுத்த முடியுமா என்று அங்கே நின்ற தொழிலாளியிடம் கேட்டேன்.

"பத்து போட்டு ஐஸுக்கு நிக்குது சார், கடலுக்குப் போகணும். நிறுத்துனா பாளத்துக்குப் பதிலா என்னையத் தள்ளி அரைச்சுப்புடுவாக" என்றார். பிறகு என் கையிலிருந்த கருவியைப் பார்த்து, "இம்புட்டுச் சத்தத்துல அதுல என்னங்க கேக்கும்?" என்றார்.

"அப்புறம் சரிபண்ணிக்கலாம்" என்றேன்.

பேசுவதற்கு முன்வந்தவர் படகில் போனவர்களில் ஒருவரின் மனைவி. வயது இருபத்தேழு இருக்கும். பி.காம். படித்தவர். தெளிவாகப் பேசினார். வலப்பக்கம் அவருடைய அக்கா. பின்னால் ஒரு முழ தூரத்தில் மாமியார், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தார். பதிவுக் கருவியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் வைத்தேன். ஓடுகிறது என்பதற்கான சிவப்பு விளக்கை அவருக்குக் காட்டினேன். அது என் வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மனு கொடுத்தது, அதிகாரி சொன்ன பதில், படகின் உரிமையாளர் வந்து பார்த்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். எட்டாவது நிமிடத்தில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். செய்தியாளர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான்.

"கெளம்பும்போது கடைசியா என்ன பேசிக்கிட்டீங்க?"

அவர் நிறுத்தினார். தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அவர் பக்கம் சாய்ந்தார். இவர் உதடு அசைந்தது. ஐஸ் இயந்திரம் ஒரு பாளத்தை அரைத்துக்கொண்டிருந்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, "வாரேன்னு சொன்னாரு. பாத்துப் போயிட்டு வாங்கன்னு சொன்னேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நன்றி சொல்லிக் கருவியை அணைத்தேன்.

அந்த ஊரில் ஆண்கள் கடலுக்குக் கிளம்பும்போது வீட்டில் இருப்பவர்கள் வாயைக் கட்டிக்கொள்வார்கள். எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்பதில்லை. முந்தைய இரவு எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும், படகு திரும்பிய பிறகுதான் மிச்சத்தைப் போடுவார்கள். வாசலில் சொன்ன வார்த்தை படகோடு போகும் என்பது அவர்கள் எண்ணம். ஏதாவது கெட்டது நடந்தால், யார் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். இதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன் என்று இல்லை. நிருபராக இருந்தபோது இதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தியே எழுதியிருக்கிறேன். தெரிந்தேதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

மறுநாள் பகலில் மாடி அறையில் உட்கார்ந்து பதிவைத் திறந்தேன். எதிர்பார்த்ததுபோலவே இருந்தது. அடியில் ஐஸ் இயந்திரத்தின் உறுமல், அதன் மேல் எங்கோ தூரத்தில் அவர் குரல். மல்டிபேண்டைப் போட்டேன். அடிப்பட்டையை நன்றாக அழுத்தினேன். நடுப்பட்டையில் குரலை அழுத்திச் சமப்படுத்தி, மொத்தமாகப் பன்னிரண்டு டெசிபல் தூக்கினேன். உறுமல் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஆனது. மனு, அதிகாரி, உரிமையாளர். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

எட்டாவது நிமிடம் வந்தது. என் கேள்வி. பிறகு மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குரல் இருந்தது.

"போய்த் தொலைங்கன்னு சொன்னேன்க்கா. அத எப்படி இங்க சொல்லுவேன்?"

அதற்கு அடுத்ததாக, நிமிர்ந்த குரலில், "வாரேன்னு சொன்னாரு. பாத்துப் போயிட்டு வாங்கன்னு சொன்னேன்."

ஹெட்போனைக் கழற்றாமல் மூன்று முறை கேட்டேன். என் கேள்வியின் முடிவிலிருந்து அவருடைய பதிலின் தொடக்கம் வரை பதினொரு விநாடி. பத்தொன்பது ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த எந்த மேற்கோளும் இதற்கு அருகில் வராது என்று தோன்றியது. முதலில் தோன்றியது அதுதான். அந்தப் பெண் அல்ல, அவருடைய வீடு அல்ல. மேற்கோள்.

என் கூட்டாளியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவர் ஒரு முறைதான் கேட்டார்.

"இத எடுத்துருங்க சார். அவங்க நம்மகிட்ட சொல்லல. அக்காகிட்ட சொல்றாங்க."

"மைக் ஓடுறது அவங்களுக்குத் தெரியும். வெளக்கக் காட்டிட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

"ஐஸ் மிஷின் ஓடுறதும் அவங்களுக்குத் தெரியும். அத நம்பித்தான் சொல்லிருக்காங்க."

பதில் இல்லாதபோது கொள்கை பேசுவது என் தொழிலில் பழகிய ஒன்று. "நான் எதையும் சேர்க்கலையே. அவங்க சொன்னதுதான் இருக்கு. எடுத்தாத்தான் பதிவைத் திருத்துன மாதிரி" என்றேன். அவர் முன்னுரையை வாசித்துப் பதிவு செய்து கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழக்கமாக நாலு மணி வரை இருப்பார்.

அவர் போன பிறகு இன்னொன்று செய்தேன். அந்தக் கிசுகிசுப்பு போன் ஸ்பீக்கரில் கேட்குமா என்று பார்த்தேன். அரைகுறையாகத்தான் கேட்டது. அந்தப் பதினொரு விநாடிக்கு மட்டும் நடுப்பட்டையை மேலும் ஆறு டெசிபல் ஏற்றினேன். முன்னும் பின்னும் வெட்டுத் தெரியாதபடி மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினேன். மறுபடி போனில் போட்டுப் பார்த்தேன். சுத்தமாகக் கேட்டது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காலை ஏழு மணிக்கு அனுப்பினோம். பத்து மணிக்குள் பாராட்டுகள் வரத் தொடங்கின. மனசை உலுக்கிவிட்டது என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு, யாரோ அந்தப் பதினொரு விநாடியை மட்டும் வெட்டியெடுத்துச் சுற்றுக்கு விட்டது எனக்கே வந்தது. அதன் கீழே ஒரு வரி: "இப்படி அனுப்பினால் எப்படித் திரும்புவார்கள்." இன்னொரு குழுவில் அதே துண்டுக்குக் கீழே வேறு வரி, அதை இங்கே எழுத மாட்டேன்.

மூன்றாம் நாள் அந்த அக்கா போன் செய்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், தங்கச்சி இப்ப எங்க வீட்டுலதான் இருக்கா. அவ மாமியா அங்கிட்டு வரக் கூடாதுன்னுட்டாக. மத்த மூணு வீட்டுக்காரவுகளும் வாசல்ல வந்து நின்னு சண்ட. ஒன் வாயாலதான் எங்க ஆளும் மாட்டுனாகன்னு. ஒரு தடவ வந்துட்டுப் போங்க சார். அவ ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

அக்காவின் வீடு துறைமுகத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும். நான் போனபோது அந்தப் பெண் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். பின்னலை முடிக்கும் வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முடித்ததும் பிள்ளையை உள்ளே அனுப்பினார்.

"ஒக்காருங்க சார்" என்றார். பிறகு, "நான் மைக்குல சொல்லலையே. எங்க அக்காவுக்கே சரியாக் கேக்கல, ‘என்னடி’ன்னு கேட்டா. ஒங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றார்.

கோபத்தில் கேட்ட கேள்வி அல்ல. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். படித்த பெண், விளக்கினால் புரிந்துகொள்வார். பட்டைகளைப் பற்றிச் சொல்லலாம். பன்னிரண்டைப் பற்றியும், பிறகு ஏற்றிய ஆறைப் பற்றியும் சொல்லலாம். என் கூட்டாளி எடுக்கச் சொன்னார், நான் எடுக்கவில்லை என்று சொல்லலாம். வண்டியில் வரும்போது இதையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

"மிஷின் தானாத் தூக்கிருச்சும்மா" என்றேன். "சத்தத்தக் கொறைக்கிறதுக்கு ஒண்ணு போடுவோம். அது சின்னச் சத்தத்தத் தன்னால பெருசாக்கிரும். நான் கவனிக்கல."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். "வேணும்னு யாரு செய்வா?"

அக்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். பிறகு அந்தப் பெண்ணே நடந்ததைச் சொன்னார். படகு கிளம்பிய அன்று பிள்ளையின் பள்ளியில் ஆண்டு விழா. ஒரு பாட்டுக்கு ஆடுவதற்கு ஒரு மாதமாகப் பழக்கியிருந்தார்கள். இருக்கிறேன் என்று சொன்ன கணவர், படகிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார். "போங்க, போய்த் தொலைங்கன்னுட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டேதான் போனாரு. அவரு கோவிக்கல சார். இந்த ஊருதான் கோவிக்குது."

அவர் என்னிடம் கேட்க விரும்பியது இதுதான். மிஷின் செய்த கோளாறு என்று மாமியாரிடம் நான் வந்து சொல்ல வேண்டும். "நான் சொன்னா நம்ப மாட்டாக. மிஷின் வச்சிருக்கவுக நீங்க சொன்னா நம்புவாக. முதல்ல எடுத்தது ஒங்ககிட்ட இருக்கும்ல, அதுல கேக்காதுல்ல. அதப் போட்டுக் காட்டுங்க."

அது புத்திசாலித்தனமான யோசனை. மூலப் பதிவின் நகல் என் போனிலேயே இருந்தது. அதில் ஐஸ் இயந்திரம்தான் கேட்கும்.

மாமியார் கருவாட்டு வியாபாரம் செய்பவர். கடற்கரை ஓரமாக வலையை விரித்து நெத்திலியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தெட்டோ அறுபதோ. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். கையை நிறுத்தவில்லை.

"என்ன தம்பி, இன்னும் என்ன எடுக்கப் போற?"

"எதும் எடுக்க வரலம்மா. ஒண்ணு காட்ட வந்தேன்."

மூலப் பதிவைப் போட்டு, போனை அவர் காதருகே பிடித்தேன். என் கேள்வி மங்கலாகக் கேட்டது. பிறகு பதினொரு விநாடி ஐஸ் அரைபடும் சத்தம். பிறகு மருமகளின் பதில்.

"பாத்தீங்களா, ஒண்ணும் இல்ல. மிஷின்தான்..." என்று தொடங்கினேன்.

"நிறுத்து" என்றார். கையிலிருந்த நெத்திலியை வலையில் உதறினார். "அன்னைக்கி நான் எங்க ஒக்காந்திருந்தேன்?"

"அவங்களுக்குப் பின்னால."

"எம்புட்டுத் தூரம்?"

"ஒரு மொழம்."

"எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு. ஐஸ் மிஷின் சத்தத்துலயே பொறந்து வளந்த காது இது. அதுக்கு மேலயும் கேக்கும், அதுக்குக் கீழயும் கேக்கும்." ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சின்னப்புள்ள, கோவத்துல சொல்லிட்டா. நான் எம் புருசன அதவிடக் கேவலமாச் சொல்லி அனுப்பிருக்கேன், அந்தாளு முப்பது வருசம் போய்ப் போய் வந்தான். கேட்டேன், கேக்காத மாதிரி இருந்துக்கிட்டேன். வீட்டுக்குப் போயி அவளுக்குச் சோறு போட்டேன். அவளுக்கே தெரியாது எனக்குத் தெரியும்னு. நீ ஊருக்கே போட்டுட்ட. மூணு பொம்பளைக எம் வாசல்ல வந்து நின்னாளுக. ஊரு கேட்ட பெறகு நான் எப்படித் தம்பி கேக்காத மாதிரி இருக்குறது?"

போனை அணைத்துப் பையில் போட்டேன்.

"அவள அனுப்புனது எனக்குக் கோவம் வந்து இல்ல. இங்கன இருந்தா அவளுகளே அவள அடிச்சுப்புடுவாளுக. அக்கா வீட்டுல இருக்கட்டும்னு அனுப்புனேன். அவகிட்ட கோவம்னுதான் சொன்னேன். வேற எப்படிப் போவா?"

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"நீ காலையில பேசுறியே, அதுல சொல்லு. அது அவ கொரலே இல்லன்னு சொல்லு. மிஷினு எங்கேயோ கெடந்ததக் கொண்டாந்து ஒட்டிருச்சுன்னு சொல்லு."

"அது பொய்யாயிருமேம்மா."

இதைச் சொன்னேன் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் அவருடைய மருமகளிடம் மிஷின் தானாகத் தூக்கியது என்று சொல்லிவிட்டு வந்த வாய் இது.

அவர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "நீ போட்டது மட்டும் உண்மையா? அவ பேசுனது இம்புட்டுக்காணு" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் விரித்தார். "நீ போட்டது இம்புட்டு. அவ அப்படியா பேசுனா?"

படித்தவர்கள் யாரும் எனக்கு அதை அவ்வளவு சரியாகச் சொல்லித்தந்ததில்லை. ஒரு சொல் உண்மையா என்பது, அது எவ்வளவு சத்தமாகச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான். காகிதத்தில் எழுதும்போது எல்லாச் சொல்லும் ஒரே உயரம். அந்தப் பழக்கத்தோடு ஒலிக்கு வந்தவன் நான். நான் எதையும் சேர்க்கவில்லை என்று என் கூட்டாளியிடம் சொன்னேனே, சேர்த்தது பதினெட்டு டெசிபல்.

பத்திரிகையில் திருத்தம் எழுதுவது எனக்குப் பழக்கம்தான். பெயர் மாறியது, தொகை மாறியது, உயிரோடு இருப்பவரை மறைந்தவர் என்று போட்டது. அதற்கு ஒரு நடை உண்டு. சுருக்கமாக, யாரையும் குறிக்காமல், பிழை காற்றில் தானாக முளைத்ததுபோல எழுத வேண்டும். அந்த மதியம் மாடி அறையில் உட்கார்ந்து அப்படி ஒன்றை எழுதப் பார்த்தேன். ஐந்து தாள் கிழித்தேன். என் கூட்டாளி எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் முழுவதையும் சொல்லியிருந்தேன், அந்த ஆறு டெசிபலைத் தவிர.

"இத நான் வாசிக்க மாட்டேன் சார்" என்றார். "வேண்டாம்னு சொல்லல. நீங்க வாசிங்க."

கடைசியில் மூன்று வாக்கியம் மிஞ்சியது. "மூன்று நாட்களுக்கு முன் ஒலிபரப்பான ஜெகதாப்பட்டினம் பதிவில், பதிலுக்கு முன் கேட்ட ஒரு வாக்கியம் எங்கள் ஒலித்தொகுப்பில் நேர்ந்த தவறு. அது பேட்டியளித்தவரின் பேச்சு அல்ல. அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் வருத்தம் தெரிவிக்கிறோம்." முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதில் பாதி பொய். வாசிக்கும்போது பொய்யில் என் குரல் தடுமாறவில்லை. உண்மையில்தான் தடுமாறியது, "தவறு" என்ற சொல்லை நான்கு முறை பதிவு செய்ய வேண்டியிருந்தது.

வாழ்க்கையில் தெரிந்தே ஒரு பொய்யைச் செய்தியாகக் கொடுத்தது அந்த ஒரு முறைதான். அதற்காக எனக்கு வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வெட்கம் அதற்கு முந்தைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது, அங்கிருந்து நகரவும் இல்லை.

மறுநாள் அக்கா போன் செய்து நடந்ததைச் சொன்னார். மாமியார் காலையிலேயே போனைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மூன்று வீட்டு வாசலுக்கும் போயிருக்கிறார். முழுச் சத்தத்தில் வைத்து என் திருத்தத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார். "கேட்டுக்கங்கடி. மிஷினு செஞ்ச வேல. எம் மருமக கடலுக்குப் போறவகள அப்படிப் பேசுற வீட்டுப் பொண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டு, நேராக அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார். வாசலில் நின்று, "கெளம்பு, நெத்திலி காயுது, அள்ள ஆளில்ல" என்றாராம். மருமகள் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறார். ஊரில் எல்லோரும் நம்பினார்களா என்று கேட்டேன். "நம்புறவுக நம்புவாக சார். ஆனா இனிமே வாய்விட்டுச் சொல்ல முடியாதுல்ல" என்றார்.

சில வாரங்கள் கழித்து நான்கு பேரும் ஊர் திரும்பினார்கள். அந்தச் செய்தியை நான்கு வரியில் கொடுத்தோம். துறைமுகத்துக்குப் போகவில்லை. போயிருந்தால் மைக்கை நீட்டியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

அன்று மாலை புது எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அந்தப் பெண். கணவரின் போனிலிருந்து பேசினார். பின்னால் பிள்ளை எதையோ பாடிக்கொண்டிருந்தாள்.

"அவரு வந்துட்டாரு சார். நல்லா இருக்காரு. எளைச்சுட்டாரு, அவ்வளவுதான்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"வந்ததும் வராததுமா அந்தத் துண்ட யாரோ காட்டிட்டாக. மிஷின் செஞ்சதாமேன்னு கேட்டுட்டு ஒரே சிரிப்பு. எனக்குத்தான் மூஞ்சியக் காட்ட முடியல." பிள்ளையை அந்தப் பக்கம் போகச் சொன்னார். "ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னுதான் சார் கூப்பிட்டேன். வேற ஒருத்தரா இருந்தா மிஷின் மேல பழியப் போட்டுட்டு வீட்டுல இருந்துருப்பாக. நீங்க கூப்புட்டதும் வீடு தேடி வந்து, இப்படி ஆயிருச்சும்மான்னு சொன்னீங்க. எங்க மாமியாகிட்டயும் போய்ப் பேசுனீங்க. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல சார். மனசுல வச்சுக்காதீங்க."

நன்றி சொன்னார். நான் ஏற்றுக்கொண்டேன்.